இசைக்குக் கெடு உண்டு, ஓவியத்துக்கு?

கேள்வி: எனக்கு வயது 34. குறும்படம், விளம்பரம், நடன நிகழ்ச்சி என்று இசையமைத்துக் கொடுக்கிறேன். கூடவே எண்ணெய் வண்ணத்திலும் அக்ரிலிக்கிலும் ஓவியம் வரைகிறேன். இன்னும் 8 மாதத்தில் என் முதல் தனிக் கண்காட்சி. 20 ஓவியம் வேண்டும். 6தான் கையில் இருக்கிறது. ஒன்றுக்கு 24 மணி நேரம் போல ஆகும். இந்த நேரம் பார்த்து ஓர் ஆவணப்படத்துக்கு 40 நிமிடப் பின்னணி இசை கேட்டு வந்திருக்கிறார்கள், 10 வாரத்தில் வேண்டுமாம். நன்றாக ஓடுகிற நாளில் 2 நிமிட இசை எழுதி முடிப்பேன். இரண்டுக்கும் ஒரே அறை. காலையில் ஓவியம், மாலையில் இசை என்று ஒரு வருடமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். எப்போதும் அடிபடுவது ஓவியம்தான். விட்டதைப் பிடிக்க இரவில் வரைந்தால், விடிந்து பார்க்கும்போது நிறம் வேறாக இருக்கிறது. ஒன்றை விட்டுவிடத்தான் வேண்டுமா? இரண்டுக்கும் ஒரே பெயர் போதுமா? கண்காட்சியில் என் இசையையே ஒலிக்கவிடலாமா?

பதில்: எதையும் விட வேண்டாம், அந்தக் காலை-மாலை ஏற்பாட்டை மட்டும் விடுங்கள். அது தோற்பதற்குக் காரணம் சோம்பலும் இல்லை, நேரக் குறைவும் இல்லை. இசை வேலை அடுத்தவர் குறித்துக் கொடுத்த தேதியோடு வருகிறது. ஓவியத்துக்குத் தேதி குறித்தவர் நீங்களே. மாலை 5 மணிக்கு இயக்குநர் போன் செய்து, “அந்த ஆற்றுக் காட்சிக்கு இன்னொரு வெர்ஷன், நாளை மதியத்துக்குள்” என்றால் மறுநாள் காலை ஓவியம் போயிற்று. கேன்வாஸ் யாருக்கும் போன் செய்வதில்லை. அதனால் மணிக்கணக்கை எத்தனை சமமாகப் பங்கு போட்டாலும், கெடு உள்ள வேலை கெடு இல்லாத வேலையைத் தின்றுவிடும். ஓவியத்துக்கும் அடுத்தவர் கையில் இருக்கிற தேதிகளை உண்டாக்கிக் கொடுங்கள். இசைக்கு ஓர் உச்சவரம்பு கட்டுங்கள். உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். கீழே வருவதெல்லாம் அதைச் செய்யும் வழி.

இரண்டையும் தினமும் சரிபாதியாகச் செய்தவர்கள் வரலாற்றிலும் அபூர்வம். 2,000க்கும் அதிகமான பாடல்களுக்கு மெட்டமைத்த தாகூர் ஓவியத்தில் தீவிரமாக இறங்கியது 60 வயதைத் தாண்டிய பிறகு. முதல் கண்காட்சி 1930இல் பாரிஸில். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் ஓவியங்களில் பெரும்பகுதி 1908க்கும் 1912க்கும் இடைப்பட்டவை. அதற்குப் பிறகு அவர் தூரிகையை எடுத்தது குறைவு. சத்யஜித் ராய் 1961 முதல் தன் படங்களுக்குத் தானே இசையமைத்தார், போஸ்டரும் எழுத்து வடிவமும் அவர் கைவண்ணம். ஆனால் அவருக்கு எல்லாமே ஒரே படத்தின் வேலை, ஒரே கெடு. நேர்மாறான உதாரணம் லிதுவேனியாவின் சுர்லியோனிஸ். இசையமைப்பாளராகத் தொடங்கி, 1903க்கும் 1909க்கும் இடையில் 300 அளவில் ஓவியங்களும் வரைந்துதள்ளினார். 1909 கடைசியில் மனமும் உடலும் முறிந்து சிகிச்சைக்குப் போனவர், 1911இல் 35 வயதில் நிமோனியாவில் இறந்தார். அந்த வேகத்தைப் பார்த்து வியக்கலாம், பின்பற்ற வேண்டாம். தாகூரிடமும் ஷோன்பெர்க்கிடமும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: பருவம் பிரிப்பது. ஒரு பருவத்தில் ஒன்று முன்னால் நிற்கும், மற்றது பின்னால் உயிரோடு இருக்கும்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம்.

40 நிமிட இசை, நாளுக்கு 2 நிமிடம் என்றால் எழுத மட்டும் 20 நாள். எங்கே இசை, எங்கே மௌனம் என்று இயக்குநரோடு உட்கார்ந்து குறிக்க 2 நாள். திருத்தத்துக்கு 6 நாள் வையுங்கள், அதற்குக் குறைந்து முடிவதில்லை. வாத்தியக் கலைஞர்களை அழைத்து ஒலிப்பதிவு செய்ய 4 நாள், மிக்ஸிங் 6, வாத்திய வகைவாரியான தனித் தடங்களாக (ஸ்டெம்) பிரித்துப் பெயரிட்டு அனுப்ப 2. ஆக 40 வேலை நாள். வாரத்துக்கு 4 நாள் இசைக்கு ஒதுக்கினால் 10 வாரம் மிகச் சரியாக நிரம்புகிறது. அந்த ‘மிகச் சரி’தான் ஆபத்து. ஒரு நாள் காய்ச்சல், ஒரு வயலின் கலைஞர் வரவில்லை, ஒரு காட்சியை மறுபடி வெட்டினார்கள் என்றால் அது ஓவிய நாளில்தான் வந்து விழும். ஆகவே இந்த வேலையை இப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று இடங்களில் தளர்த்தலாம்.

முதலாவது, ஓர் ஆவணப்படத்துக்கு 40 நிமிட இசை உண்மையிலேயே வேண்டுமா என்று காட்சி காட்சியாகக் கேளுங்கள். எடிட்டர் தற்காலிக இசையைப் போட்டு வெட்டியிருந்தால் தேவைக்கு மேல் இசை அப்பிக் கிடக்கும். இரண்டாவது, மிச்சமிருப்பதில் 12 நிமிடமாவது பிரதான மெட்டின் மாற்று வடிவங்களாக இருக்கட்டும்: அதே மெட்டு, வேறு தாளகதி, குறைந்த வாத்தியம். புதிதாக எழுதினால் 6 நாள் பிடிக்கிற அந்த 12 நிமிடம் 3 நாளில் முடியும். படத்துக்கும் அதுவே நல்லது, பார்ப்பவர் காதில் ஒரு மெட்டு தங்கும். மூன்றாவது, மிக்ஸிங்கை ஒரு பொறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். உட்கார்ந்து சரிபார்க்க உங்களுக்கு ஒரு நாள் போதும், 5 நாள் மிச்சம். இரண்டும் மூன்றும் சேர்ந்தாலே 8 நாள் இடைவெளி கிடைக்கிறது. பொறியாளருக்குக் கொடுக்கும் பணம் ஓவியத்துக்கு நாள் வாங்கும் செலவு என்று கணக்கெழுதுங்கள். சம்பளம் பேசும்போதே அதைச் சேர்த்துக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம். ஒன்று, 10 வாரம் என்பது படத்தொகுப்பு ‘லாக்’ ஆன, அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவான நாளிலிருந்து தொடங்கும். லாக் ஆகாத படத்துக்கு எழுதினால், ஒவ்வொரு வெட்டுக்கும் ஏற்கெனவே எழுதியதை நீட்டிக் குறைக்கும் வேலை வரும், அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. மற்றொன்று, ஒவ்வொரு இசைத் துண்டுக்கும் இரண்டு சுற்றுத் திருத்தம்; மூன்றாவதற்குத் தனிக் கட்டணம். பணத்தைக் கையெழுத்தின்போது 40 சதவீதம், டெமோ ஒப்புதலில் 30, ஒப்படைக்கும்போது 30 என்று பிரித்துக் கேட்கலாம். படத்தின் ஃப்ரேம் வேகத்தையும் எழுத்தில் வாங்குங்கள். 24 ஃப்ரேமுக்கு எழுதிய இசை 25இல் ஓடும் படத்தின் மீது உட்கார்ந்தால் நிமிடத்துக்கு 2.4 விநாடி பிசகும். அதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

ஓவியப் பக்கம் சுவாரசியமானது, ஏனென்றால் அங்கே காலத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை, வண்ணம் தீர்மானிக்கிறது. 8 மாதம் என்பது சுமார் 34 வாரம். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய 2 முதல் 12 நாள் ஆகலாம். ஆனால் வழக்கமான வார்னிஷ் பூச 6 மாதமாவது பொறுக்க வேண்டும், கனமாக அப்பியிருந்தால் ஒரு வருடம்கூட. அவசரப்பட்டு மூடினால் அடியில் காயும் வண்ணத்துக்கும் மேலே இறுகிய வார்னிஷுக்கும் ஒத்துவராமல் பரப்பு கலங்கும், விரிசல் விடும், பிற்பாடு வார்னிஷைத் துடைத்தெடுக்கும்போது வண்ணமும் சேர்ந்து வரும். 34இல் 26 வாரத்தைக் கழித்தால் மிச்சம் 8. எண்ணெய் ஓவியங்கள் எல்லாம் முதல் 8 வாரத்தில் முடிய வேண்டும். அதாவது ஆவணப்படம் கழுத்தை நெரிக்கிற அதே வாரங்களில்.

பார்த்தால் இடியாப்பச் சிக்கல் மாதிரித் தெரியும். உண்மையில் இதுதான் உங்களுக்கு வாய்த்த வசதி. வாரத்துக்கு இரண்டே நாள் கிடைக்கிற பருவத்துக்கு எண்ணெய் வண்ணத்தைப் போலப் பொருந்துவது வேறில்லை. இரண்டு ஓவிய நாளில் நான்கு கேன்வாஸுக்கும் ஒரு மெல்லிய அடுக்கு கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் இசையில் மூழ்கியிருக்கும்போது அது காய்கிறது, அடுத்த வாரம் வரும்போது அடுத்த அடுக்குக்குத் தயாராக நிற்கிறது. அடி அடுக்குகளை அம்பர் போன்ற மண் நிறங்களில் போடுங்கள், அவை விரைவில் காயும். காட்மியம் சிவப்பு, ஐவரி கறுப்பு, அலிசரின் ஆகியவை மந்தம். மேல் அடுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம் என்ற விதியை மீறாதீர்கள். மேலடுக்கு முந்திக் காய்ந்து கீழடுக்கு பிந்தி அசைந்தால் விரிசல் நிச்சயம். கத்தியால் அப்புகிற கனமான வேலை இந்தக் கண்காட்சிக்கு வேண்டாம். காயும் ஓவியத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைக்கவும் கூடாது, ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சள் தட்டும்.

அக்ரிலிக் இதற்கு நேர் எதிர். மெல்லிய பூச்சு அரை மணிக்குள் காய்ந்துவிடும். விட்ட இடத்தில் அடுத்த வாரம் வந்து ஈர விளிம்பைத் தேடினால் கிடைக்காது. அதற்குத் தொடர்ச்சியான நாட்கள் வேண்டும். அதை இசைக்குப் பிந்திய பருவத்துக்குத் தள்ளுங்கள்.

கணக்கு இப்படி வரும். முதல் 8 வாரம், வாரம் 2 நாள், நாளுக்கு 6 மணி நேரம்: 96 மணி. ஒன்றுக்கு 24 மணி என்றால் 4 எண்ணெய் ஓவியம். 9, 10ஆம் வாரங்களின் நான்கு நாளில் ஓவியமே வேண்டாம். மீதிக் கேன்வாஸ்களை இழுத்துக் கட்டி, கெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளை அடித்தளம்) இரண்டு மூன்று பூச்சு கொடுத்துத் தேய்த்து வையுங்கள். கடைசிக் கெடு நெருங்கும்போது மூளைக்கு வேலை தராத கைவேலைதான் தாங்கும். 11ஆம் வாரம் எதுவும் வேண்டாம். 12 முதல் 26 வரை 15 வாரம், வாரம் 4 நாள்: 360 மணி, 15 ஓவியத்துக்கான நேரம். உங்களுக்கு வேண்டியது 10. ஆக 20 நாள் மிச்சம். இந்த 20 நாளைப் பார்த்ததும் ‘ஒரு சின்ன விளம்பரம் செய்துவிடலாமே’ என்று தோன்றும். கூடாது. ஆவணப்படம் இரண்டு மூன்று வாரம் பிந்தும், அது உலக வழக்கம். அந்த இடிக்குத் தாங்குபலகை இந்த 20 நாள். விளம்பரம் வந்தால், வாரத்தின் மற்ற 2 நாளுக்குள் முடிகிறதா என்று பாருங்கள். முடியாது என்றால் “26ஆம் வாரத்துக்குப் பிறகு” என்று தேதி சொல்லி மறுங்கள். வெறும் ‘முடியாது’ என்பவரை மறந்துவிடுவார்கள், தேதி சொல்பவரைத் தேடி வருவார்கள்.

கடைசி 8 வாரம் புது ஓவியம் தொடங்காதீர்கள். போட்டோ எடுப்பது, வார்னிஷ், ஃப்ரேம், பட்டியல், விலை, பேக்கிங் எல்லாம் சேர்ந்து நினைப்பதைவிட அதிகம் தின்னும். நீங்கள் சொல்லும் 24 மணி நேரம் தூரிகை கையில் இருக்கும் நேரம் மட்டும்தானா என்றும் சரிபாருங்கள். கேன்வாஸ் தயாரிப்பும் கழுவலும் உட்படவில்லை என்றால் கால் பங்கு கூட்டுங்கள். அப்படிக் கூட்டினாலும் 10 ஓவியம் 15 வாரத்துக்குள் அடங்கும், மிச்சம்தான் 20 நாளிலிருந்து 10 நாளாகக் குறையும். முதல் பருவத்தில் ஒரு கேன்வாஸ் பிந்தலாம். பிந்தினால் அதை வார்னிஷ் இல்லாமலே தொங்கவிட்டு, வாங்குபவரிடம் பூசவேண்டிய மாதத்தைச் சொல்லிவிடுங்கள். அது குறை ஆகாது.

‘அடுத்தவர் கையில் தேதி’ என்றேனே, அது இந்த அட்டவணையில் எங்கே? 8ஆம் வாரக் கடைசியில் 4 எண்ணெய் ஓவியங்களையும் நேரில் வந்து பார்க்கும்படி கேலரிக்காரரை இன்றே அழைத்துவிடுங்கள். 18ஆம் வாரம் இன்னொரு வருகை. 27ஆம் வாரம் போட்டோகிராபருக்கு முன்பணம் கொடுத்து நாள் குறித்துவிடுங்கள். கெடு என்பது இன்னொருவர் வந்து கதவைத் தட்டும் நாள். உங்கள் டைரியில் நீங்களே எழுதிக்கொள்வது ஆசை.

இனி ஒரு நாளுக்குள் எப்படி என்று பார்ப்போம். ஒரு நாளில் ஒரே கலை. இசை நாள் முழுக்க இசை, ஓவிய நாள் முழுக்க ஓவியம். மாறுகிற ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைப் பிடிக்க அரை மணி, முக்கால் மணி போய்விடும், ஒரே நாளில் இரண்டு முறை மாறினால் ஒரு நல்ல அமர்வே போயிற்று. ஓவிய நாளில் போன் மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை என்று இயக்குநருக்கு முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள், நடுவில் சொன்னால்தான் கோபம்.

நாள் விட்டு வருவதால் மறதி பெரிய எதிரி. அதற்கு விட்டுப்போகும்போது 10 நிமிடம் செலவிடுங்கள். இசையில், முடிந்த இடத்தில் நிறுத்தாமல் அடுத்த நான்கு ‘பார்’ (தாள அளவு) எங்கே போகப்போகிறது என்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, அதைக் கையால் ஒரு துண்டுத் தாளில் எழுதி விசைப்பலகை மேல் வையுங்கள்: ‘செல்லோ கீழே இறங்கணும், தாளம் இன்னும் வரக்கூடாது, 2:14இல் கதவு மூடும் சத்தத்துக்கு இடம் விடு.’ ஃபைலை அந்தத் தேதியோடு தனியாகச் சேமியுங்கள். ஓவியத்தில், கலவையின் விகிதத்தை எழுதுங்கள்: ‘நிழல் பச்சை: அல்ட்ராமரைன் 2, ஓக்கர் 3, அம்பர் கொஞ்சம்.’ அந்தக் கலவையில் ஒரு தீற்றலைத் தாளில் போட்டுப் பக்கத்தில் ஒட்டுங்கள். கேன்வாஸைக் கறுப்பு-வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வெளிச்சமும் நிழலும் எங்கே தடுமாறுகின்றன என்று ஆறு நாள் கழித்து வரும்போது அது ஒரே பார்வையில் சொல்லும்.

ஓவிய நாளில் ஒரு தூண்டில் காத்திருக்கும்: வரைந்துகொண்டே நேற்றைய டெமோவைக் கேட்பது. இரட்டை லாபம் போலத் தெரியும், இரட்டை நஷ்டம். பத்து முறை பாதிக் கவனத்தில் கேட்ட இசையின் குறைகள் காதுக்குப் பழகிவிடும், பிறகு இயக்குநர் அதைச் சொன்னால் அவர் மேல்தான் கோபம் வரும். மௌனமாக வரையுங்கள், அல்லது உங்களுடையது அல்லாத எதையாவது கேளுங்கள்.

காதைப் பற்றி ஒன்று. தொழிலிடங்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். 3 டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. சின்ன அறையில் 75 பக்கம் வைத்துக்கொண்டால் நாள் முழுக்க வேலை செய்யலாம், தீர்ப்பும் மாறாது. சத்தம் கூடினால் அடிநாதமும் உச்சமும் நிறைந்து கேட்கும், எல்லாமே நன்றாக இருப்பது போல ஏமாற்றும். கைக்கும் இதே கவனம் வேண்டும். விசைப்பலகை, மவுஸ், தூரிகை மூன்றும் ஒரே மணிக்கட்டு. 40 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்திருங்கள். நுண்ணிய ஓவிய வேலையையும் மணிக்கணக்கில் மவுஸ் தேய்க்கும் எடிட்டிங்கையும் அடுத்தடுத்த நாட்களில் வைக்காதீர்கள்.

இரவு நிறம் மாறுவதற்குக் காரணம் உங்கள் விளக்கு. 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீலக் கூறு குறைவு. வெளிர் மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்துப் பார்க்க முடியாது, நீலம் மந்தமாகத் தெரியும், கை தானாக நீலத்தைக் கூட்டும். விடிந்ததும் வானம் நீலமாகக் கத்தும், மஞ்சள் பளீரென்று நிற்கும். 5000 கெல்வின், நிறக்காட்டல் எண் (CRI, நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 95 பக்கம், குறைந்தது 90 உள்ள இரண்டு விளக்குகளை 45 பாகை சாய்வில் பொருத்துங்கள். வெளிச்சம் கேன்வாஸ், பேலட் இரண்டின் மேலும் ஒரே அளவில் விழ வேண்டும், இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பிரகாசம் குறைக்கும் டிம்மர் வாங்காதீர்கள். மலிவான டிம்மர்கள் கிட்டார் பிக்கப்பில் ‘ம்ம்ம்’ என்று இரையும், ஒலிப்பதிவில் அது உட்கார்ந்துவிடும். திரையை வெறித்துவிட்டு நேராகத் தூரிகையை எடுக்கவும் வேண்டாம். கண் பகல் வெளிச்சத்துக்குத் திரும்பக் கால் மணி கொடுங்கள். முக்கியமான நிறத் தீர்மானத்தை இரவில் எடுக்காதீர்கள். கோடு, உருவம், அடிப்பூச்சு இரவில் போகலாம்.

ஒரே அறை என்பதால் சொல்கிறேன்: கெஸ்ஸோ தேய்க்கும் தூசி, சார்க்கோல், பேஸ்டல் ஆகியவை கன்டென்சர் மைக்குக்கும் மிக்ஸர் ஃபேடருக்கும் எமன். தேய்ப்பதை அறைக்கு வெளியே செய்யுங்கள், அல்லது தாளை நனைத்துத் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மைக்கைப் பெட்டியில் மூடி, சிலிகா ஜெல் போட்டு வையுங்கள், ஸ்டாண்டிலேயே விடாதீர்கள். டர்பண்டைன் ஆவி அடைத்த அறையில் தலைவலி தரும், ஒலி கசியாமல் அடைத்த அறையோ காற்றும் புகாத அறை. எண்ணெய் நாளில் கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும், ஒலிப்பதிவு நாளும் அதுவும் ஒன்றாக வரக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். வயலின், கிட்டார், கேன்வாஸ், தாள் எல்லாவற்றுக்கும் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஒத்துப்போகும். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கலைக்கும் சண்டை இல்லை.

உரிமை விவகாரத்தில் இரண்டும் ஒன்றல்ல. இசையில் இயற்றிய படைப்புக்கு ஓர் உரிமை, பதிவுக்கு இன்னோர் உரிமை. படத்துக்குக் கொடுக்கும்போது எதை, எத்தனை காலத்துக்கு, எந்த ஊடகத்துக்கு என்று எழுதுங்கள். ராயல்டி மாதங்கள் கழித்துத்தான் வரும், கண்காட்சிச் செலவுக்கு அதை நம்பாதீர்கள். ஓவியத்தில் பொருளை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை பொதுவாக உங்களிடமே இருக்கும். வாங்கியவர் தொங்கவிடலாம், அச்சிட்டு விற்க முடியாது. கேலரி 40 முதல் 50 சதவீதம் எடுப்பது வழக்கம். விற்ற எத்தனை நாளில் உங்கள் பங்கு வரும், சேதமானால் யார் பொறுப்பு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். விற்பதற்கு முன் ஒவ்வோர் ஓவியத்தையும் நல்ல போட்டோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போனபின் கிடைக்காது. 60 × 90 செ.மீ. ஓவியத்தை அதே அளவில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 7,087 × 10,630 பிக்சல் வேண்டும். சாதாரண கேமராவில் ஒரே ஷாட்டில் வராது, பகுதி பகுதியாக எடுத்து இணைக்க வேண்டியிருக்கும்.

பெயர்? ஒன்றே போதும். இரண்டு பெயர் வைத்தால் இரண்டு பேரை வளர்க்க வேண்டும், அதற்கு உங்களுக்கு நேரமில்லை. ஆனால் கதவு இரண்டாக இருக்கட்டும். இயக்குநருக்கு அனுப்பும் இணைப்பில் 3 நிமிட இசைத் தொகுப்பு மட்டும், கேலரிக்கு அனுப்புவதில் அளவு, ஊடகம், ஆண்டு குறித்த 12 முதல் 15 ஓவியங்கள் மட்டும். ‘நான் இசையமைப்பாளரும் ஓவியரும்’ என்று முதல் வரியில் சொன்னால் இரு பக்கமும் உங்களைப் பொழுதுபோக்குக்காரர் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கடைசி வரியில் சொன்னால் அதுவே ஆர்வத்தைக் கிளப்பும்.

கண்காட்சியில் உங்கள் இசையை ஒலிக்கவிடுவது பற்றி: விடலாம், ஆனால் புதிதாக எழுத உட்காராதீர்கள், அது 21ஆவது ஓவியம். ஆவணப்படத்தில் கழித்துக்கட்டிய டெமோக்களிலிருந்து, ஒப்பந்தம் அனுமதித்தால், அடக்கமான இரண்டு துண்டுகளை எடுங்கள். ஒன்று 7 நிமிடம், மற்றது 11 நிமிடம் என்று வைத்து, தனித்தனி ஸ்பீக்கரில் ஒரே நேரத்தில் ஓயாமல் சுழலவிடுங்கள். இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 77 நிமிடம் ஆகும், அதுவரை ஒரே சேர்க்கை திரும்ப வராது. ஒரே 5 நிமிட இசை திரும்பத் திரும்ப ஓடினால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், நாள் முழுக்க அங்கே உட்காரும் கேலரி ஊழியர் பொறுக்க மாட்டார். இரண்டாம் நாள் மதியம் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். தாளமும் உரத்த உச்சமும் இல்லாததாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேர் ஓவியத்துக்கு முன் நின்று சாதாரணக் குரலில் பேசினால், அவர்கள் பேச்சு மேலே கேட்க வேண்டும், இசை கீழே. ஸ்பீக்கரை ஓவியம் தொங்கும் பலகையில் பொருத்தாதீர்கள், அடிநாதம் வரும்போதெல்லாம் ஃப்ரேம் கடகடக்கும்.